ஊற்று பிறந்த காடு யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் சினிமாப் பக்கத்தில் 'சூசுஸ் யாஸ்' என்ற துருக்கியப் படத்தைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி படத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டன. கூக்கால், மன்னவனூர், கேத்தி, கோத்தகிரி என்று எல்லாமே மலைக்காட்டு முகவரிகள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: படத்தின் கதை என்ன? வெட்டி ஒட்டிய இன்னொரு பதிப்பும் உண்டு என்கிறார்களே, எதைப் பார்ப்பது? (குன்னூர் வாசகர்)

'சூசுஸ்' என்றால் தண்ணீரில்லாத, 'யாஸ்' என்றால் கோடை. மெதின் எர்க்சான் இயக்கி, 1964 பெர்லின் திரைப்பட விழாவில் முதல் விருதான தங்கக் கரடி வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம் ஓடும். மூலக்கதை நெஜாத்தி ஜுமாலி எழுதியது. அவர் இஸ்மிர் பக்கம் உர்லா ஊரில் வக்கீலாக இருந்தவர். கதையில் சொத்துத் தகராறின் வாசனை அவ்வளவு அசலாக இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். படப்பிடிப்பு உர்லாவை ஒட்டிய பாதெம்லர் கிராமத்தில் நடந்தது.

புகையிலை போடும் ஊர். ஊற்று பிறப்பது அண்ணன் ஒஸ்மான், தம்பி ஹசன் இருவரின் நிலத்தில். கோடை வந்ததும் ஒஸ்மான் தண்ணீரை மறித்துக் கட்டுகிறான். கீழ்க்காட்டுக்காரர்கள் கெஞ்சுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், கடைசியில் கைகலப்பு. ஒஸ்மான் ஒருவனைச் சுட்டுவிட்டு, 'உனக்கு வயசு கம்மி, தண்டனையும் கம்மியாகத்தான் கிடைக்கும்' என்று தம்பியைப் பழியேற்க வைக்கிறான். தம்பி சிறையில் இருக்கும்போது, அவன் செத்துவிட்டான் என்று சொல்லி அவன் மனைவி பஹாரையும் வளைத்துக்கொள்கிறான். முடிவில் திரும்பி வந்த தம்பியின் கையால் அந்தத் தண்ணீரிலேயே சாகிறான். திறந்துவிட்ட தண்ணீரோடு அவன் உடலும் கீழ்க்காடுகளை நோக்கி மிதந்து போகிறது. ஒஸ்மானாக எரோல் தாஷ், பஹாராக ஹூல்யா கோச்யீட். அவருக்கு இதுதான் முதல் படம்.

தம்பியாக நடித்த உல்வி தோவான்தான் தயாரிப்பாளரும். பிற்பாடு வெளிநாட்டுச் சந்தைக்காகப் புதுக் காட்சிகளைச் சேர்த்து வேறு தலைப்பில் ஒரு பதிப்பு விட்டார்கள், அதைத் தொடவேண்டாம். மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை 2008-ல் சீரமைத்த பதிப்பே பார்க்க வேண்டியது.

இயற்கையோடு மல்லுக்கட்டும் விவசாயிகளின் படம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் ஒப்புக்கொள்ள முடியும். மழை பொய்த்ததைக் காட்டிய கையோடு எர்க்சான் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வந்துவிடுகிறார். வறட்சி எல்லோருக்கும் பொது. மேலே இருப்பவன் கையில் மண்வெட்டி இருப்பதுதான் கதை.

கேள்வி: ஊற்று ஒஸ்மானின் பட்டா நிலத்தில் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் அவனுடையதுதானே? நம் சட்டம் என்ன சொல்கிறது? (கூக்கால், கேத்தி, தாண்டிக்குடி வாசகர்கள்)

துருக்கி 1926-ல் சுவிஸ் சட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட சிவில் சட்டத்தில், ஊற்று நிலத்தின் ஒரு பகுதி. அதனால்தான் ஒஸ்மான் அவ்வளவு தெம்பாக நிற்கிறான். ஊரார் நியாயம் ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம் என்று படம் இழுபடுவதும் அதனால்தான்.

நம் பக்கம், அடுத்தவர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்றவற்றுக்கு நமக்குள்ள உரிமையைச் சொல்லும் 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் (ஈஸ்மென்ட் சட்டம்) இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 7-வது பிரிவில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஒருமுறை படித்துவிட்டால் மலைக்காட்டுத் தகராறுகளில் பாதி தெளிந்துவிடும். சாரம் இதுதான். உங்கள் நிலத்துக்குள் கசிந்து, திட்டமான வழி ஏதும் இல்லாமல் பரவிக் கிடக்கும் தண்ணீரை நீங்கள் தேக்கிக்கொள்ளலாம். அதே தண்ணீர் கரை தெரிகிற இயற்கை ஓடையாக ஓட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. ஓடையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் குடிக்க, புழங்க, மாட்டுக்குக் காட்ட, அந்த நிலத்துக்குப் பாய்ச்ச உரிமை உண்டு. ஆனால் கீழே உள்ளவருக்குக் குறிப்பிடத்தக்க கெடுதல் வரக்கூடாது. ஓடையின் அளவையோ போக்கையோ மாற்றி அவருக்கு வராமல் அடிக்கவும் கூடாது.

ஆகவே உங்கள் வழக்கு நிற்குமா விழுமா என்பது ஊற்று எங்கே பிறக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில் அது ஓடையாகிறது என்பதில் இருக்கிறது. புல வரைபடத்தில் அந்த ஓடை கோடாக வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியது. இரண்டிலும் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் தண்ணீர் ஓடும் தடம், கூழாங்கல் படுகை, இரு கரை இவற்றைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வாய்க்கால் வெட்டியோ பைப் போட்டோ அடுத்தவர் நிலத்தின் வழியாகத் தண்ணீர் கொண்டுவருகிறவர்களுக்கு 15-வது பிரிவு. யாரையும் கேட்டுக் கெஞ்சாமல், ஒளிவுமறைவின்றி, இடைவிடாமல் 20 ஆண்டு அனுபவித்திருந்தால் அது உரிமையாகிறது. அரசு நிலமானால் 30 ஆண்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வருடா வருடம் மேல்காட்டுக்காரரிடம் 'அனுமதி கொடுங்கண்ணே' என்று எழுதி வாங்கியிருந்தால், அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். அனுமதியில் நடந்தது உரிமையாகாது. நல்லுறவு வேண்டும்தான். எழுதுவதாக இருந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்ட பங்கீட்டு ஒப்பந்தமாக எழுதுங்கள்.

சோலைக்குள் வனத்துறை எல்லையில் பிறக்கும் ஊற்று என்றால் இதெல்லாம் பேச்சுக்கே இல்லை. பைப் போடுவதற்கு முன் வன அலுவலகத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஓடையில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். (மன்னவனூர் வாசகர்)

ஜூலையில் அளந்தால் எல்லோரும் வள்ளல். அளக்க வேண்டியது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை, மழை விழுந்து குறைந்தது 10 நாள் ஆனபிறகு.

சின்ன ஊற்றுக்குப் பக்கெட் போதும். தண்ணீர் முழுவதையும் ஒரு பைப்பில் விழச்செய்து 15 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். 10 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு ஒன்றரை லிட்டர். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள்.

பக்கெட்டுக்கு அடங்காத ஓடைக்கு முக்கோண வெட்டுத் தகடு. 2 அல்லது 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் மேல் விளிம்பில் சரியாக 90 பாகையில் ஆங்கில 'வி' போல வெட்டி, ஓடைக்குக் குறுக்கே நிமிர்த்தி நிறுத்துங்கள். ஓரமும் அடியும் களிமண்ணும் பாலித்தீனும் வைத்து அடைத்து, ஒரு சொட்டும் பக்கவாட்டில் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டைத் தாண்டிய தண்ணீர் காற்றில் விழவேண்டும். கீழே தேங்கி வெட்டைத் தொட்டால் கணக்கு பொய். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் வினாடிக்கு 0.77 லிட்டர், 7 என்றால் 1.8 லிட்டர், 10 என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும் என்பதைக் கவனியுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, ஸ்கேலை வெட்டின் வாயிலேயே வைப்பது. அங்கே தண்ணீர் வழிவதற்காக ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அரை மீட்டர் பின்னால் ஒரு குச்சி நட்டு, வெட்டின் அடிமுனைக்குச் சமமாக ரசமட்டக் குழாயால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் அளக்க வேண்டும். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் படித்தால் தண்ணீரில் கால்பங்கை ஒட்டிக் குறைந்துவிடும்.

இனி ஏக்கர். நம் மலைக் கோடையில் கேரட், உருளைக்கு நாளுக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஏக்கருக்கு 16,000 லிட்டர். ஸ்பிரிங்ளரில் காற்று அடித்துப் போவதையும் சேர்த்து 20,000 என்று கணக்கிடுங்கள். தகட்டில் 5 சென்டிமீட்டர் நிற்கும் ஊற்று ஒரு நாளுக்கு 66,500 லிட்டர் தரும். மூன்று ஏக்கருக்குத் தாராளம். ஆனால் இராத்திரித் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் அதில் பாதிதான் உங்களுக்கு, ஒன்றரை ஏக்கர்.

பிடித்து வைக்க, மேலே 8 மீட்டருக்கு 6 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், சுவர் 45 பாகைச் சரிவில் ஒரு குட்டை. மேல் 25 சென்டிமீட்டரை வெறுமையாக விட்டால் 33,000 லிட்டர் பிடிக்கும். அது 33 டன் எடை. அதை வெட்டிப்போட்ட மண்மேட்டின் மேல் வைக்காதீர்கள், வெட்டிய கெட்டித் தரையில் வையுங்கள். குட்டைக்குள் விரித்த தார்ப்பாயில் எலி ஓட்டை போட்டுக் கசிவு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தால், வடகிழக்குப் பருவமழை வரும்போது கீழ் அடுக்கு மொத்தமாக நழுவும். 2009 நவம்பரில் கேத்திப் பக்கம் மண் எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சுற்றி வேலி அவசியம். காட்டெருமை தண்ணீர் குடிக்க இறங்கினால் பாயும் போச்சு, ஏற வழியில்லாமல் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் மூன்று குடும்பம், ஒரே ஓடை. 2 ஏக்கர், 1 ஏக்கர், ஒன்றரை ஏக்கர். யாரும் ஒஸ்மான் ஆகாதபடி பிரிக்க வழி உண்டா? (கோத்தகிரி வாசகி)

உண்டு. பங்கீட்டுத் தொட்டி. வால்வை நம்பாதீர்கள், வால்வு இருந்தால் இராத்திரியில் திருகுவதற்குக் கையும் இருக்கும்.

ஏக்கர் விகிதம் 4:2:3. ஒவ்வொருவருக்கும் தண்ணீர் வழியும் வெட்டுவாயின் அகலத்தை இதே விகிதத்தில் வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் குறுகிய வாயில் தண்ணீர் இருபக்கமும் ஒடுங்குவதால் சின்னப் பங்குக்காரருக்குக் குறையும். அதனால் வாயை அகலமாக்காமல் ஒரே அளவுத் துளைகளை எண்ணிக்கையில் கொடுங்கள். 4, 2, 3 என்று 9 துளை. பத்தாவதாக ஒரு துளை ஓடைக்கே. தவளைக்கும் கீழே தண்ணீர் குடிக்கும் காட்டு ஜீவனுக்கும் அது போகட்டும். கீழ்க்காட்டுக்காரர் வழக்குப் போடும்போது உங்களுக்கும் அது உதவும்.

தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 ஆழம். வாயிலிருந்து 40 சென்டிமீட்டரில் குறுக்குச் சுவர், அதன் அடியில் திறப்பு. பாய்ந்து வரும் தண்ணீர் அதன் அடியில் நுழைந்து அடங்கினால்தான் பங்கு சமமாகும். எதிர்முனையில் 3 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத தகடு. அதில் 20 மில்லிமீட்டர் துளை பத்து, ஒரே கோட்டில், நடுவுக்கு நடு 5 சென்டிமீட்டர். பத்தையும் ஒரே டிரில் பிட்டால் போடுங்கள்; பிசிரை அரம் வைத்து ஒரே மாதிரி எடுங்கள். துளைகளுக்கு வெளியே மூன்று அறை கட்டி, ஒவ்வோர் அறையிலிருந்தும் 63 மில்லிமீட்டர் பைப். ஓடையின் துளைக்கு அறை தேவையில்லை, அப்படியே விழட்டும். துளையிலிருந்து தண்ணீர் காற்றில் விழவேண்டும். அறை நிரம்பித் துளையை மூடினால் அந்தப் பங்கு குறையும். அதற்கு யாரையும் திட்டாமல் அந்தப் பைப்பைச் சுத்தம் செய்யுங்கள். தொட்டியின் அடியில் வண்டல் தள்ள 75 மில்லிமீட்டர் வாய், மேலே உபரி ஓடைக்குப் போக ஒரு வழிவு.

வினாடிக்கு 2 லிட்டர் வந்தால் துளை நடுவுக்கு மேல் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். 1 லிட்டராகக் குறைந்தால் ஒன்றரை சென்டிமீட்டர்தான். இங்கேதான் கொத்தனாரின் வேலை தெரியும். யாருடைய துளை ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதோ அவருக்கு 6 சென்டிமீட்டர் நிற்கும்போது நூற்றுக்கு 8 கூடப் போகும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒன்றரை நிற்கும்போது அதே தாழ்வு நூற்றுக்கு 29 கூடக் கொடுக்கும். மழைக்காலத்தில் மச்சான் மாப்பிள்ளை என்று இருந்தவர்கள் ஏப்ரலில் வாய்ப்பேச்சு நிறுத்திக்கொள்வதற்கு இந்த ஒரு சென்டிமீட்டரே போதும். ஆகவே தகட்டைப் பதிக்கும்போது ஸ்பிரிட் லெவலை நம்பாமல், தொட்டியில் தண்ணீரைத் துளையின் அடி விளிம்பு வரை நிரப்பி, பத்துத் துளையிலும் ஒரே நேரத்தில் சொட்டுகிறதா பாருங்கள். அதன்பிறகு சிமென்ட் வையுங்கள்.

சீகைமரப் பூக்காலத்தில், குப்பை வராமல் தொட்டி வாயில் கட்டும் வலை ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். காலையில் ஒருமுறை தட்டிவிட யார் முறை என்று எழுதி ஒட்டுங்கள்.

வினாடிக்கு 1 லிட்டருக்குக் கீழே போய்விட்டால் தொட்டியை மறந்துவிட்டு நேரமுறைக்கு மாறுங்கள். 24 மணியைப் பிரித்தால் 2 ஏக்கருக்கு 10 மணி 40 நிமிடம், ஒரு ஏக்கருக்கு 5 மணி 20 நிமிடம், ஒன்றரைக்கு 8 மணி. இராத்திரி முறை ஒருவர் தலையிலேயே விழாமல் வாரத்துக்கு வாரம் சுழற்றுங்கள். பைப் நிரம்பும் நேரத்தையும் கழியுங்கள். 300 மீட்டர் 63 மில்லிமீட்டர் பைப் 765 லிட்டர் வரை குடிக்கும், வினாடிக்கு 0.8 லிட்டர் வந்தால் அது நிரம்பவே 16 நிமிடம். கடைசிக் காட்டுக்காரர் 'எனக்கு நேரம் குறைகிறது' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

கேள்வி: மேல்காட்டுக்காரர் எதையும் அடைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, பைப் முனையில் இல்லை. (பூம்பாறை வாசகர்)

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். உங்கள் ஒஸ்மான் பைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது: காற்று.

மலைச்சரிவில் பைப் ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொரு மேட்டிலும் காற்று கூடி நின்று தண்ணீரைத் தடுக்கும். மேட்டின் உச்சியில் பைப்பில் ஒரு 'T' இணைப்பு போட்டு, காற்று வால்வையோ, ஊற்றின் மட்டத்தைவிட உயரமான 15 மில்லிமீட்டர் நிற்குழாயையோ வையுங்கள். ஊரில் எல்லோரும் செய்வது, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பைப்பில் ஒரு ஓட்டை போட்டு, காற்று போனதும் முளைக்குச்சி அடிப்பது. பல இடத்தில் வேலை செய்யும். மேட்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும் இடத்திலோ அந்த ஓட்டை காற்றை வெளியே விடாது, உள்ளே இழுக்கும். விரலை வைத்துப் பாருங்கள். உறிஞ்சினால் உடனே அடைத்துவிடுங்கள். மேடு ஊற்றைவிட உயரமாகவே இருந்தால் எந்த வால்வும் உதவாது; பைப்பைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

ஊற்றுத் தொட்டியில் பைப் வாய்க்கு மேல் ஒரு சாண் தண்ணீராவது நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றைக் குடிக்கும். பள்ளங்களில் வண்டல் தள்ளும் வால்வு. '4 கிலோ' அழுத்தம் தாங்கும் என்று விற்கும் பைப் 40 மீட்டர் இறக்கம் வரைதான் தாங்கும். அதற்குமேல் இறக்கமிருந்தால் கீழ்ப்பகுதிக்கு 6 கிலோ பைப், அல்லது நடுவில் ஒரு திறந்த தொட்டி.

கேள்வி: படத்தில் பஹாரைப் பாம்பு கடித்ததும் ஒஸ்மான் காலில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சுகிறான். எங்கள் எஸ்டேட்டிலும் சிலர் இதைச் செய்யத் தயாராக இருக்கிறார்கள். சரியா? (கூடலூர் வாசகி)

தவறு. கதையில் அந்தக் காட்சி வேறு வேலைக்காக இருக்கிறது: ஒஸ்மானின் கண் எங்கே போகிறது என்று காட்ட. மருத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விஷம் நொடியில் திசுவுக்குள் போய்விடும். உறிஞ்சி வருவது ஒன்றுமில்லை, காயம்தான் கெடும். கீறுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எல்லாமே நேரத்தைத் தின்னும். கயிறு காலையே தின்னும்.

செய்யவேண்டியது இது. ஆளைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், வாட்ச் உடனே கழற்றுங்கள்; வீங்கியபின் கழற்ற முடியாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அந்தக் காலை அசையவிடாமல் செய்யுங்கள். 108. வண்டி வரும் ரோடு வரை போர்வையில் தூக்கிக்கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம். தூரத்திலிருந்து படம் கிடைத்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். 'சும்மா உட்கார வைத்துவிட்டார்கள்' என்று அந்த 20 நிமிடத்தில் சண்டை போட்டு வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது. தேயிலையிலும் ஏலக்காட்டிலும் கொடி போலக் கிடக்கும் குழிவிரியனுக்கு அது பொருந்தாது. அதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. வலி, வீக்கம், ரத்தக்கசிவு, சிறுநீரகம் இவற்றைக் கவனிக்க ஆஸ்பத்திரி வேண்டும். படம் எடுத்திருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

கேள்வி: இதே மாதிரி வேறு துருக்கியப் படம்? காடு, மலை இருந்தால் நல்லது. (கோத்தகிரி வாசகர்)

செமிஹ் கப்லனோலு இயக்கிய 'பால்'. 2010 பெர்லினில் தங்கக் கரடி. 'சூசுஸ் யாஸ்' வாங்கி 46 ஆண்டுக்குப் பிறகு. பெயரைப் பார்த்துப் பசுமாட்டுப் படம் என்று போய்விடாதீர்கள். துருக்கியில் 'பால்' என்றால் தேன். நம் பாலின் பெயரில் அவர் ஏற்கெனவே 2008-ல் ஒரு படம் எடுத்திருக்கிறார், அதற்கும் முன் 2007-ல் முட்டையின் பெயரில் ஒன்று. மூன்றும் யூசுப் என்ற ஒருவனின் கதை, பின்னிருந்து முன்னாக: கடைசிப் படத்தில் அவன் பள்ளிக்கூடப் பையன்.

கருங்கடலை ஒட்டிய ரீசெ மலைக்காடு. மேகம், ஈரம், தேயிலை எல்லாம் உண்டு. நீலகிரிக்காரருக்குச் சொந்த ஊர் போலிருக்கும். அப்பா உயர்ந்த மரங்களின் கிளையில் தேன்கூடுகளைக் கட்டி வைப்பவர். தொடக்கக் காட்சியில் கயிற்றை வீசிக் கிளையில் மாட்டி ஏறுகிறார், கிளை முறியத் தொடங்குகிறது, நடுவானில் தொங்குகிறார். பின்னணி இசையே கிடையாது. கிளை முறியும் சத்தம் காதிலேயே இருக்கும்.

நம் குறும்பர்கள் பாறைத்தேன் எடுப்பதோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். தொழிலில் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே பெட்டி மனிதன் வைத்தது. இங்கே பெருந்தேனீ தானாகப் பாறை விளிம்பில் ஒற்றை அடையாகக் கட்டுகிறது. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. கொடி ஏணியில் இறங்கி, பச்சை இலைக் கட்டில் புகை காட்டி, அடையின் மேல் ஓரத்தில் தேன் கனத்திருக்கும் பகுதியை மட்டும் அறுத்து, புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டால் கூட்டம் அதே இடத்தில் நிற்கும். முழு அடையையும் அறுத்துத் தள்ளுகிறவர்கள் அடுத்த வருடத் தேனையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள். ஒரு குறிப்பு: பெருந்தேனீத் தேனில் ஈரம் அதிகம். வாங்கியதும் பாட்டிலின் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடாதீர்கள். புளித்து நுரைத்தால் மூடி தெறிக்கும்.

கேள்வி: பனி மூடிய துருக்கிக் கிராமங்களைப் பார்க்கும்போது, எங்கள் உறைபனி அதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? (ஊட்டி வாசகர்)

பயிருக்கு உங்கள் உறைபனிதான் கொடுமை. கொட்டிக் கிடக்கும் பனி மண்ணின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். அடியில் குளிர்காலக் கோதுமை உயிரோடு இருக்கும். இங்கே பயிர் பச்சையாக நிற்கும்போது, மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தேயிலை பச்சையாக இருக்க, கீழே சதுப்பை ஒட்டிய தேயிலை கருகுகிறது. பள்ளத்தின் வாயில் அடர்ந்த வேலியோ மண்மேடோ இருந்தால் குளிர்காற்றுக்கு அதுவே அணை. ஒரு திறப்பு விடுங்கள்.

நாற்றங்காலுக்குச் சாக்கோ காய்ந்த புல்லோ போட்டு மூடி, வெயில் ஏறியபின் எடுங்கள். ஸ்பிரிங்ளர் போடுவதானால் குளிர் 0 பாகையைத் தொடும் முன் தொடங்கி, காலையில் ஐஸ் உருகும் வரை நிறுத்தக் கூடாது. நடுவில் மோட்டார் நின்றால், போடாமல் இருந்ததைவிட மோசம். ஏக்கருக்கு மணிக்கு 10,000 லிட்டர் ஆகும். மேலே சொன்ன 33,000 லிட்டர்க் குட்டை மூன்றேகால் மணிக்குள் காலி. ஆகவே அரை ஏக்கருக்கு மேல் அதை நினைக்க வேண்டாம்.

கருகிய தேயிலையை மறுநாளே கவாத்து செய்யாதீர்கள். எந்த அளவுக்கு உயிர் இருக்கிறது என்பது புதுக் கொழுந்து தலைகாட்டும்போதுதான் தெரியும்.

கேள்வி: எங்கள் ஹட்டியின் சமுதாயக் கூடத்தில் 'சூசுஸ் யாஸ்' போடலாமா? (கேத்தி இளைஞர்கள்)

உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடையுங்கள். வெளிச்சம் கசிந்தால் எல்லாம் சாம்பலாகத் தெரியும். புரொஜெக்டரைக் குளிரில் ஜீப்பில் கொண்டுவந்து, ஆட்கள் நிறைந்த சூடான கூடத்தில் உடனே போட்டால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பையைத் திறக்காமல் அரைமணி வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். துணைத்தலைப்பு திரையின் அடியில் ஓடும் என்பதால், முன் வரிசைத் தலைக்கு மேல் தெரியும்படி திரையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் கட்டுங்கள். மேல்காட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.